சரத்தில் 'ம' எங்கே இருக்கிறது?

இந்தியாவின் பொறியியல் கல்லூரிகளிலும் கலை அறிவியல் கல்லூரிகளின் கணினித் துறைகளிலும் முதலாண்டு மாணவரின் ஆய்வகப் பதிவேட்டில் பெரும்பாலும் இடம்பெறும் பயிற்சி ஒன்று உண்டு: கொடுக்கப்பட்ட சரத்தில் கொடுக்கப்பட்ட எழுத்து உள்ளதா, உள்ளதெனில் எத்தனையாவது இடத்தில் உள்ளது என்று கண்டறியும் சி நிரலை எழுதுக. மாணவர் ஓர் அணியை அறிவிப்பார். ஒரு மடக்கை எழுதுவார். ஒவ்வோர் உறுப்பையும் தேடும் எழுத்தோடு ஒப்பிடுவார். பொருந்தினால் இடத்தை அச்சிடுவார். 'ப்ரோக்ராம்' என்னும் ஆங்கிலச் சொல்லில் 'ஜி' எங்கே என்று கேட்டு, நான்காவது இடம் என்ற விடையைத் திரையில் காட்டி, ஆசிரியரின் கையொப்பம் பெற்று அடுத்த பயிற்சிக்குச் செல்வார். பத்து நிமிட வேலை.

இந்தப் பயிற்சி எளிதானது என்ற எண்ணமே தவறு. வினாவில் உள்ள 'எழுத்து' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லாமலேயே பல பத்தாண்டுகளாக அதைக் கேட்டுவருகிறோம் என்பதை இந்தியக் கல்விக்கூடங்கள் உணரவில்லை. ஆங்கிலச் சொற்களை மட்டும் உள்ளீடாகக் கொடுக்கும்வரை இக்குறை வெளியே தெரியாது. மாணவர் தம் சொந்தப் பெயரைச் சொந்த மொழியில் உள்ளிட்ட மறுகணமே தெரிந்துவிடும்.

லினக்ஸ் இயங்குதளத்தில், ஜிசிசி நிரல்பெயர்ப்பியைக் கொண்டு, இதே பயிற்சியைத் தமிழ்ச் சொல்லில் செய்து பார்க்கும் மாணவி ஒருவரைக் கருதலாம். மடக்கு எழுதும் தொல்லை வேண்டாம் என்று சி நூலகத்தில் ஆயத்தமாக இருக்கும் செயற்கூற்றை அவர் அழைக்கிறார். ஆங்கிலத்தில் 'ஸ்டிரிங்', 'கேரக்டர்' என்னும் இரு சொற்களையும் சுருக்கி ஒட்டிய பெயர் அதற்கு. வகுப்பறை வழக்கில் 'ஸ்டர்சார்'. ஒரு சரத்தையும் ஓர் எழுத்தையும் கொடுத்தால், அந்த எழுத்து முதலில் வரும் இடத்தின் முகவரியைத் திருப்பியனுப்பும். இல்லையேல் வெற்றுச் சுட்டு ஒன்றைத் தரும். மாணவி 'மரம்' என்னும் சரத்தில் 'ம' உள்ளதா என்று கேட்கிறார். உள்ளது என்று விடை வருகிறது. அதே சரத்தில் 'க' உள்ளதா என்கிறார். இல்லை என்று விடை வருகிறது. இரண்டும் சரி. நிரல்பெயர்ப்பி ஏதோ எச்சரிக்கை ஒன்றைக் காட்டியது. எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தும் பழக்கம் ஆய்வகங்களில் அரிது. மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

இனி அவர் 'அகல்' என்னும் சொல்லில் 'ம' உள்ளதா என்று கேட்டிருந்தால்? உள்ளது என்றே விடை வரும். 'கடல்' என்ற சொல்லிலும் உள்ளது. 'வானில்' என்ற சொல்லிலும் உள்ளது. தமிழ் எழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் 'ம' உண்டு என்றே அந்த நிரல் சாதிக்கும்.

காரணம் நேரானது. யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். 'ம' என்பதன் மூன்று பைட்டுகள் 224, 174, 174. 'அ' என்பதற்கு 224, 174, 133. 'க' என்பதற்கு 224, 174, 149. ஒற்றை மேற்கோள் குறிக்குள் 'ம' என்று எழுதினால் ஜிசிசி அதனை மூன்று குறியுருக்கள் சேர்ந்த ஒரு முழு எண்ணாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டர்சார் அந்த முழு எண்ணை ஒரே பைட்டாகச் சுருக்கும்போது கடைசிப் பைட்டாகிய 174 மட்டும் எஞ்சுகிறது. அந்த 174-ஐத்தான் செயற்கூறு தேடுகிறது. தமிழின் உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள் அனைத்துக்கும் நடுப் பைட்டு 174. ஆகவே எந்தச் சொல்லிலும் முதல் எழுத்தின் வயிற்றுக்குள்ளேயே 'ம' அகப்பட்டுவிடுகிறது. திருப்பியனுப்பப்படும் முகவரியும் எழுத்தின் தொடக்கத்தைக் காட்டாது. அதன் நடுவைக் காட்டும். அங்கிருந்து அச்சிட்டால் திரையில் உடைந்த குறிகள் தோன்றும். கிளாங் என்னும் மற்றொரு நிரல்பெயர்ப்பி இதைப் பிழை என்று கூறி நிரலையே ஏற்க மறுத்துவிடும். அந்த வகையில் அது மாணவருக்கு நல்ல ஆசிரியர்.

'ம' மட்டுமன்று. 'தேன்' என்ற சொல்லில் 'இ' இருப்பதாக அதே நிரல் கூறும்; ஏகாரக் குறியின் கடைசிப் பைட்டும் இகரத்தின் கடைசிப் பைட்டும் 135. 'மை' என்பதில் 'ஈ' இருக்கும். 'பெண்' என்பதில் 'ஆ' இருக்கும்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று மற்ற மாநிலத்தார் ஆறுதல் கொள்ள இயலாது. யூனிகோடு அட்டவணையில் இந்திய எழுத்துமுறைகள் 128 இடங்கள் கொண்ட தொகுதிகளாக அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒவ்வொரு தொகுதியின் முற்பாதிக்கும் பொதுவான நடுப் பைட்டு ஒன்று உண்டு. அந்த எண்ணையே கடைசிப் பைட்டாகவும் கொண்ட எழுத்து ஒவ்வொரு மொழியிலும் ஒன்று அமைந்துவிட்டது. இந்திக்கு 'த'. வங்காளத்திற்கு மெல்லோசைத் 'த', அதாவது 'தானம்' என்ற வடசொல்லின் முதலொலியைப் போன்று மூச்சின்றி ஒலிப்பது. பஞ்சாபிக்கு 'ந'. குஜராத்திக்கு 'ப'. ஒடியாவுக்கு மெல்லோசைப் 'ப'. தெலுங்குக்கு 'ர'. கன்னடத்திற்கு 'ல'. மலையாளத்திற்கோ 'ழ'. அவ்வம்மொழியின் எந்தச் சொல்லிலும் இந்த எழுத்து உண்டு என்று நிரல் சொல்லும். மலையாளச் சொற்கள் எல்லாவற்றிலும் ழகரத்தைக் காணும் ஒரு கருவியை எண்ணிப்பார்க்கும் மொழியியலாளர் சிரிக்காமல் இருக்க முடியாது.

தேடும் எழுத்தை நிரலுக்குள் எழுதாமல் விசைப்பலகையிலிருந்து பெற்றால் நிலைமை இன்னும் விசித்திரமாகும். ஒரு குறியுருவைப் பெறுக என்ற ஆணைக்கு ஒரே பைட்டுதான் உள்ளே வரும். மற்ற இரண்டும் உள்ளீட்டு வரிசையில் காத்துக்கிடக்கும். அந்த முதல் பைட்டு இந்தியிலிருந்து மலையாளம் வரை எல்லாத் தொகுதிகளுக்கும் 224-தான். ஆகவே வங்காள எழுத்து ஒன்றைத் தட்டச்சு செய்து, அது 'அகல்' என்னும் தமிழ்ச் சொல்லில் உள்ளதா என்று கேட்டால், உள்ளது, முதலிடத்திலேயே உள்ளது என்று விடை வரும்.

சி மொழியின் மேல் இதற்காகப் பழி சுமத்துவது முறையன்று. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி அம்மொழியை வடித்தபோது எழுத்தும் பைட்டும் ஒன்றே என்று கொள்வதில் தடையேதும் இருக்கவில்லை. ஒரு சரம் எங்கே முடிகிறது என்பதைக் காட்ட அதன் நீளத்தை முன்னால் எழுதிவைக்கலாம், அல்லது இறுதியில் ஓர் அடையாளத்தை வைக்கலாம். பிசிபிஎல் என்ற முன்னோடி மொழி நீளத்தை முன்னால் வைத்தது. கென் தாம்ப்சனின் பி மொழியும் அதன்வழி வந்த சி மொழியும் இறுதி அடையாளத்தைத் தேர்ந்தன. நீளத்தை ஒரு சிறு இடத்தில் அடைத்தால் சரத்தின் அளவுக்கு வரம்பு வந்துவிடும் என்பதும், எண்ணிக்கையைக் காத்துவருவதைவிட அடையாளம் வைப்பது வசதியாகத் தோன்றியது என்பதும் ரிட்சி 1993-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் கூறும் காரணங்கள். சி மொழியில் அந்த அடையாளம் சுழி மதிப்புள்ள ஒரு பைட்டு. சியின் தர ஆவணமும் நேர்மையானதே. ஒற்றைப் பைட்டுக் குறியுரு வேறு, பல பைட்டுக் குறியுரு வேறு என்று அது தெளிவாகப் பிரித்துரைக்கிறது. வகுப்பறைதான் இரண்டையும் ஒன்றாக்கியது.

ஆங்கிலத்தோடு நின்றுகொண்டால்கூட இந்தப் பயிற்சி முழுமையாகக் கற்பிக்கப்படுவதில்லை என்பது தனிக் குறை. சரத்தின் முடிவைக் காட்டும் சுழியும் சரத்தின் உறுப்பாகவே ஸ்டர்சாரால் கருதப்படும்; சுழியைத் தேடினால் கிடைக்கும். இது அற்பமான நுணுக்கம் போலத் தோன்றும். ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தையும் ஒரு சரத்தில் வைத்து, 'இந்த எழுத்து அதனுள் உள்ளதா' என்று கேட்டு, உயிரெழுத்துகளைத் தாண்டிச் செல்லும் மடக்கை மாணவர் எழுதுகிறார் என்று கொள்க. முழுவதும் உயிரெழுத்துகளாலான சொல் ஒன்று வந்தால், சொல் முடிந்து சுழி வரும்போது அதுவும் 'உயிரெழுத்து' ஆகிவிடும். மடக்கு சரத்தைத் தாண்டி அடுத்தவர் நிலத்திற்குள் ஓடும். அதுபோல், இடத்தை எண்ணாகத் திருப்பியனுப்பும் செயற்கூற்றை மாணவர் தாமே எழுதும்போது, முதலிடத்தின் எண் சுழி என்பதை மறந்து, சுழி என்றால் 'இல்லை' என்று பொருள்கொள்ளும் பிழை ஆண்டுதோறும் நிகழ்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சரத்தின் நீளத்தை மீண்டும் அளக்கும் மடக்கு மற்றொன்று: 1 இலட்சம் பைட்டுகள் கொண்ட சரத்தில், நிரல்பெயர்ப்பி இரக்கம் காட்டாவிட்டால், ஏறத்தாழ 1000 கோடிப் படிகள். இவற்றுள் எதையும் 'ப்ரோக்ராம்' என்ற சொல்லை வைத்துச் செய்யும் ஒரே சோதனை வெளிக்கொணராது.

இவற்றைவிட ஆழமான குழி ஒன்று உள்ளது. அது இந்திய மொழிகளுக்காகவே வெட்டிவைத்தது போன்றது. சி மொழியில் குறியுரு வகை மாறிக்கு எதிர்மறை மதிப்பு உண்டா இல்லையா என்பதைத் தரம் முடிவு செய்யவில்லை. செயலிக்கும் நிரல்பெயர்ப்பிக்கும் விட்டுவிட்டது. மடிக்கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்86 செயலிகளில் வழக்கமாக எதிர்மறை உண்டு. ராஸ்பெர்ரி பை போன்ற ஏஆர்எம் செயலி கொண்ட லினக்ஸ் கணினிகளில் வழக்கமாக இல்லை. ஆங்கில எழுத்துகளின் மதிப்பு 127-ஐத் தாண்டாது. எனவே ஆங்கிலம் எழுதுவோருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. இந்திய எழுத்துகளின் பைட்டுகளோ ஒன்றுவிடாமல் 127-க்கு மேற்பட்டவை. கோப்பிலிருந்து பைட்டு பைட்டாகப் படிக்கும் செயற்கூறு 224 என்ற முழு எண்ணைத் தருகிறது. அதே பைட்டு மடிக்கணினியில் சரத்தின் உறுப்பாக இருக்கும்போது அதன் மதிப்பு -32. இரண்டையும் ஒப்பிட்டால் சமம் அன்று. மாணவர் கைப்பட எழுதிய மடக்கு மடிக்கணினியில் 'இல்லை' என்றும் ராஸ்பெர்ரி பையில் 'உண்டு' என்றும் விடை சொல்லும். நூலகத்தின் ஸ்டர்சார் இரண்டு பக்கத்தையும் ஒரே வகைக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுவதால் இந்தப் பிழைக்கு ஆளாவதில்லை.

தேடலுக்கு அடுத்த பயிற்சி பெரும்பாலும் எண்ணுதல்: ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று 256 உறுப்புகள் கொண்ட அணியில் கணக்கெடுப்பது. வேலைக்கான நேர்முகத் தேர்வுகளிலும் மாறாமல் கேட்கப்படும் வினா இது. சரத்தின் உறுப்பையே அணியின் சுட்டெண்ணாக இட்டு எழுதப்படும் நிரலுக்குத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால், அணியின் -32-ஆவது உறுப்பில் எண்ணிக்கை ஏறும். அப்படி ஓர் உறுப்பு கிடையாது. அங்கே வேறு ஏதேனும் மாறி இருக்கும். அது சத்தமின்றிக் கெடும். இந்திய மொழியில் உள்ளீடு தருவதே நினைவகத்தைச் சிதைக்கும் செயலாகிவிடுகிற நிரல்களை எழுதத்தான் இந்தியாவில் பயிற்சி தரப்படுகிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். பதிவேடுகளை எடுத்துச் சோதித்தால் மிகையன்று என்று புலப்படும்.

யூடிஎஃப்-8 இதற்குப் பகையா என்றால், இல்லை. 1992-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூஜெர்சியின் உணவகம் ஒன்றில், மேசை விரிப்புத் தாளின்மேல் கென் தாம்ப்சன் அதனை வரைந்தார். ராப் பைக் உடனிருந்தார். பி மொழியை உருவாக்கிய அதே தாம்ப்சன்தான். சியின் சரங்கள் உடையாமல் இருக்கவேண்டும் என்ற கவனம் அந்த வடிவமைப்பின் ஒவ்வொரு பிட்டிலும் தெரிகிறது. பல பைட்டு எழுத்தின் உள்ளே 128-க்குக் குறைந்த பைட்டு எதுவும் வராது. ஆகவே தமிழ் உரைக்குள் காற்புள்ளியையோ இடைவெளியையோ ஆங்கில எழுத்தையோ ஸ்டர்சார் கொண்டு தேடினால் விடை எப்போதும் சரியாக இருக்கும். ஜப்பானியரின் பழைய ஷிஃப்ட்-ஜிஸ் குறிமுறைக்கு இந்த நற்பேறு இல்லை. அங்கே எழுத்தின் இரண்டாம் பைட்டு பின்சாய்வுக் கோடாக வேடமிட்டு நிரலாளர்களை வதைத்தது. யூடிஎஃப்-8 சரத்தில் 'ம' வேண்டுமெனில் எழுத்தாகத் தேடாமல் மூன்று பைட்டுச் சிறுசரமாகத் தேடவேண்டும். அதற்கென 'ஸ்டர்ஸ்டர்' என்னும் செயற்கூறு அதே நூலகத்தில் இருக்கிறது. ஓர் எழுத்தின் நடுவில் தொடங்கும் பொய்ப் பொருத்தம் அதில் நேராது.

இவ்வளவு செய்தபின் சிக்கல் தீர்ந்ததா? பைட்டின் சிக்கல் தீர்ந்தது. எழுத்தின் சிக்கல் இனித்தான் தொடங்குகிறது. 'பக்கம்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று சியின் நீளம் அளக்கும் செயற்கூற்றிடம் கேட்டால் 18 என்னும். பைத்தானிடம் கேட்டால் 6 என்னும். ஸ்விஃப்ட் மொழி 4 என்னும். சி பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் யூனிகோடு குறியெண்களை எண்ணுகிறது. ஸ்விஃப்ட் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை எண்ணுகிறது. தொடக்கப் பள்ளிக் குழந்தையும் 4 என்றுதான் சொல்லும்.

அந்தச் சொல்லில் 'க' எங்கே? மூன்றாவது எழுத்து. ஆனால் ஸ்டர்ஸ்டர் முதலில் காட்டுவது இரண்டாவது எழுத்தாகிய 'க்' என்பதன் தொடக்கத்தை. யூனிகோட்டில் 'க்' என்பது 'க'-வும் புள்ளியும் சேர்ந்தது. தமிழ் இலக்கணத்தில் நேர்மாறு: மெய்யே முதல்; 'க' என்பது 'க்'-உடன் அகரம் சேர்ந்து பிறந்தது. தொல்காப்பிய மரபில் பயின்றவர் 'க்' எங்கே என்று கேட்டால் இரண்டாமிடத்திலும் மூன்றாமிடத்திலும் என்று விடை சொல்வார். கண்ணால் படிப்பவர் இரண்டாமிடம் மட்டும் என்பார். குறியெண் அட்டவணையோ இரண்டையும் 'க' என்ற ஒரே அடிப்படைக் குறியில் தொடங்கும். மூவரும் பிழையற்றவர்கள். வினா கேட்டவர்தான் எந்த 'எழுத்தை'ச் சொன்னார் என்று விளக்கவில்லை.

இன்னொன்று. 'கொ' என்னும் எழுத்தை 'க'-வும் ஒகரக் குறியும் சேர்த்து இரு குறியெண்களாக எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே இட்டு மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், பைட்டுகள் வேறு. இந்தியில் புள்ளியிட்ட எழுத்துகளுக்கும் வங்காளத்தில் அதேபோன்றவற்றிற்கும் இந்த இரட்டை வடிவம் உண்டு. எனவே தேடும் முன்னர் இரு சரங்களையும் ஒரே வடிவுக்குக் கொணரவேண்டும். யூனிகோடு இதற்கென நெறிப்படுத்தும் விதிகளை வகுத்துள்ளது. சியின் தரநூலகத்தில் அதற்குச் செயற்கூறு இல்லை. அகலக் குறியுரு வகையும் அதற்குரிய தேடல் செயற்கூறும் நூலகத்தில் உண்டு என்பது உண்மை. வட்டார அமைப்பை முதலில் சரியாக அழைத்துவிட்டால் குறியெண்ணளவில் அவை ஒழுங்காக வேலை செய்யும். புள்ளியும் உயிர்க்குறியும் பற்றி அவற்றுக்கும் ஒன்றும் தெரியாது.

இந்தியா இதனை எண்ணிப் பாராத நாடன்று. இந்தியத் தர நிறுவனம் 1991-இல் வெளியிட்ட இஸ்கி குறிமுறை, பல இந்திய எழுத்துமுறைகளையும் ஒரே பைட்டு அட்டவணையில் அடக்கியது. யூனிகோட்டின் இந்தியத் தொகுதிகள் அதன் முந்தைய, 1988-ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியவை. இஸ்கியில் ககரம் ஒரே பைட்டு. ஸ்டர்சார் அதனைக் கண்டுவிடும். ஆயினும் உயிர்க்குறி தனிப் பைட்டாகவே நின்றது. 'கி' அங்கும் இரண்டு. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோட்டோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 குறிமுறை உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தந்தது. தேடலுக்கு அது உண்மையிலேயே வசதியானது. ஆனால் உலகின் உரைகள் யூனிகோட்டின் பொதுத் தொகுதியில் எழுதப்பட்டுக் குவிந்துவிட்டன. ஒரு வசதிக்காகத் தனித்தீவில் குடியேறுவது ஆய்வாளருக்கும் பயனருக்கும் இழப்பாகவே முடியும். எழுத்தின் எல்லையை நிரல்வழி அறிவதே இனி வழி. அந்த எல்லையும் கல்லில் செதுக்கியதன்று: சில இந்திய எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் ஒன்றாகக் கொள்ளும் விதி 2023-இல் வந்த யூனிகோடு 15.1 பதிப்பில்தான் சேர்ந்தது.

முதலாண்டு மாணவருக்கு இவ்வளவும் வேண்டுமா, மடக்கும் அணியும் புரிந்தால் போதாதா என்று பேராசிரியர் பலர் கேட்பர். நியாயமான கேள்வி. அடிப்படையை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பின்னர்ப் பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். அந்தப் 'பின்னர்' எந்தப் பருவத்தில், எந்தத் தாளில் வருகிறது என்பதே மறுகேள்வி. தரவுக் கட்டமைப்பிலும் எழுத்தென்றால் பைட்டு. வழிமுறைப் பகுப்பாய்விலும் எழுத்தென்றால் பைட்டு. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் முதன்முறையாகச் சிக்கலைச் சந்திப்பது வேலைக்களத்தில், மக்கள் பெயர்கள் நிறைந்த தரவுத்தளத்தின் முன்பு. 'மீனாட்சி' என்ற பெயர் 24 பைட்டுகள். பெயருக்கு 20 பைட்டு இடம் ஒதுக்கிய நிரல் அதனை 'மீனாட்' என்றும் அதன்பின் ஓர் உடைந்த பைட்டாகவும் சேமிக்கும். முதலெழுத்தைக் கொண்டு பெயர்களை வகைப்படுத்தும் நிரல் எல்லாரையும் 224 என்ற ஒரே பிரிவில் அடைக்கும். அட்டையில் பெயர் சிதைந்து வந்தவர் அலுவலகத்தின் வரிசையில் நின்று திருத்தம் கேட்பார். கணினியில் அப்படித்தான் வரும் என்ற விடை அவருக்குக் கிடைக்கும்.

மேலும், 2021-22 கல்வியாண்டு முதல் சில கல்லூரிகளில் தாய்மொழிவழிப் பொறியியல் பட்டப்படிப்புக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இசைவு தந்துள்ளது. பாடநூல்கள் இந்தியிலும் தமிழிலும் பிறவற்றிலும் பெயர்க்கப்படுகின்றன. விளக்கம் தாய்மொழியில் இருந்து, விளக்கப்படும் சரம் மட்டும் ஆங்கிலத்திலேயே இருந்தால், தன் மொழி பேசுவதற்கு உரியது, கணினிக்கு உரியதன்று என்பதையே மாணவர் சொல்லாமல் கற்றுக்கொள்வார். இன்னும் சில ஆய்வகங்களில் டாஸ் காலத்து டர்போ சி உயிரோடிருப்பதும் இதற்குத் துணை செய்கிறது. அந்த நீலத்திரையில் இந்திய எழுத்தை உள்ளிடவே வழியில்லை. வினாவே எழாத இடத்தில் விடை எதற்கு?

செய்யவேண்டியது புதிய தாள் சேர்ப்பதன்று. அதே பயிற்சியை அதே வாரத்தில் மூன்று படிகளாகக் கேட்டால் போதும். முதற்படி பைட்டைத் தேடுதல்; இப்போது செய்வதுதான், ஆனால் 'பைட்டு' என்று பெயரிட்டு. இரண்டாம் படி குறியெண்ணைத் தேடுதல்: மேலிரு பிட்டுகள் ஒன்று, சுழி என்றிருக்கும் பைட்டுகள் தொடர்ச்சிப் பைட்டுகள், மற்றவற்றை மட்டும் எண்ணினால் குறியெண் வரிசை கிடைத்துவிடும். பிட்டுச் செயற்குறிகளைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அமையாது. மூன்றாம் படி எழுத்தைத் தேடுதல்: மூன்று பைட்டுகள் பொருந்திய பின்னர் அடுத்த மூன்றையும் பார்க்கவேண்டும். அவை 224, 174 என்று தொடங்கி 190 அல்லது 191-இல் முடிந்தாலும், 224, 175 என்று தொடங்கி 128 முதல் 141 வரையிலான எண்ணிலோ 151-இலோ முடிந்தாலும், அங்கே உயிர்க்குறியோ புள்ளியோ ஒட்டியிருக்கிறது; அது தேடிய எழுத்தன்று, மேலே செல்க. இருபது வரிக்குள் அடங்கும் நிரல். இந்திக்கும் தெலுங்குக்கும் எண்கள் மாறும். கூட்டெழுத்துகளுக்குக் கூடுதல் விதி வேண்டும். அந்தந்த மாநில மாணவர் அட்டவணையைப் பார்த்துத் தாமே கண்டுபிடிக்கட்டும்.

சோதிக்க ஐந்து உள்ளீடுகள் போதும். 'மரம்' என்பதில் 'ம' முதல் எழுத்து. 'அகல்' என்பதில் 'ம' இல்லை. 'தேன்' என்பதில் 'இ' இல்லை. 'பக்கம்' என்பதில் 'க' மூன்றாம் எழுத்து. வெற்றுச் சரத்தில் எதுவும் இல்லை. நிரல்பெயர்ப்பியின் எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கி வைத்து, இவ்வைந்தையும் மடிக்கணினியிலும் ராஸ்பெர்ரி பையிலும் ஓட்டிக் காட்டிய பிறகு ஆசிரியர் பதிவேட்டில் கையொப்பமிடலாம்.